ஒரே கம்ப்யூட்டர், மூன்று பேர்: லினக்ஸில் மல்ட்டிசீட் அமைக்கும் வழி

கடலூர் மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் கடையாகட்டும், திருப்பாப்புலியூரில் மொட்டைமாடி அறையில் நடக்கும் டியூஷன் சென்டராகட்டும், கையிலிருக்கும் பணத்தை மூன்றாகப் பிரித்து மூன்று பழைய கம்ப்யூட்டர் வாங்குவதுதான் வழக்கம். மூன்றும் திணறும். அந்தப் பணத்தில் ஒரே ஒரு நல்ல சிபியு வாங்கி, அதிலேயே இரண்டு மூன்று மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மாட்டினால் ஒவ்வொருவரும் தனித்தனி லாகினில் ஒரே நேரத்தில் வேலை பார்க்கலாம். இதற்கு மல்ட்டிசீட் என்று பெயர். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸில், 2012-ல் வந்த ஃபெடோரா 17 என்ற பதிப்பு தொட்டே, அதன் அடிப்படைச் சேவையான சிஸ்டம்டி இதைப் பார்த்துக்கொள்கிறது, தனியாக எதுவும் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

வாங்குவதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள். டேலியும் பேஜ்மேக்கரும்தான் உங்கள் பிழைப்பு என்றால் இது வேண்டாம், அவை விண்டோஸ் மென்பொருள்கள். சாதாரண விண்டோஸ் 10, 11-ல் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். விண்டோஸ் சர்வர் 2016-ல் இப்படிப் பலர் உட்கார மல்ட்டிபாயிண்ட் என்று ஒன்று இருந்தது, 2019 பதிப்பில் அதையும் எடுத்துவிட்டார்கள். பிரவுசர், லிப்ரே ஆபீஸ், தமிழ் டைப்பிங், பிரிண்ட் இவைதான் அன்றாட வேலை என்றால் தாராளமாக இறங்கலாம்.

இதில் முக்கால்வாசி வேலை ஹார்டுவேரைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதுதான். ஒரு சீட்டுக்கு, அதாவது ஒருவரின் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் சேர்ந்த இடத்துக்கு, ஒரு கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் அனுப்பும் கார்டு) வேண்டும். ஒரே கார்டில் இரண்டு எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதே, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துவிடலாமே என்று தோன்றும். முடியாது, அது ஒரே ஆளுக்கு இரண்டு திரையாகத்தான் வரும். ஆகவே போர்டிலேயே இருக்கும் கிராபிக்ஸ் முதல் சீட்டுக்கு, மேலே மாட்டும் கார்டு இரண்டாவது சீட்டுக்கு, மூன்றாவது ஆள் வேண்டுமென்றால் இன்னொரு கார்டு. சின்ன போர்டுகளில் பெரும்பாலும் பெரிய ஸ்லாட் ஒன்றுதான் இருக்கும், அதை எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இன்டெல் பிராசஸரில் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, அது நமக்கு ஆகாது. கார்டு ஏஎம்டி ரேடியான் வகையில் சின்னதாக இருந்தாலே போதும், அதற்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலோடு வந்துவிடுகிறது. சென்னை ரிச்சி தெருவில் செகண்ட்ஹேண்டில் எடுத்தாலும் சரி, சின்ன கேபினட் என்றால் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) கார்டா என்று கேட்டு வாங்குங்கள்.

ராம் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று பேர் ஆளுக்குப் பத்து டேப் திறந்து வைத்தால் 8 ஜிபி மூச்சு வாங்கும், 16 ஜிபி போடுங்கள். டிஸ்க் கண்டிப்பாக எஸ்எஸ்டி. பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒருவர் பெரிய ஃபைல் காப்பி செய்தால் மற்ற இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு யுஎஸ்பி ஹப், கீபோர்டும் மவுஸும் அதில். யுஎஸ்பி 2 கேபிள் 5 மீட்டருக்கு மேல் இழுத்தால் நம்ப முடியாது, அதனால் மேசைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

கார்டை மாட்டியதும் முதலில் பயாஸுக்குள் (இயங்குதளம் தொடங்கும் முன் வரும் போர்டின் அமைப்புத் திரை) போங்கள். பல போர்டுகள் கார்டைப் பார்த்ததும் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். ஐஜிபியு மல்ட்டி மானிட்டர் என்றோ அது போன்ற பெயரிலோ ஒரு அமைப்பு இருக்கும், அதை இயக்குங்கள். இங்கே கோட்டை விட்டால் அப்புறம் லினக்ஸில் எவ்வளவு தேடினாலும் இரண்டாவது திரை வராது.

இயங்குதளம் ஜுபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என் சிபாரிசு. இலகுவானது, லாகின் திரை லைட்டிஎம், அதற்கு மல்ட்டிசீட் தெரியும். நிறுவியதும் டெர்மினலில் லாகின்சிடிஎல் சீட்-ஸ்டேட்டஸ் சீட்0 என்று தட்டுங்கள் (ஆங்கில எழுத்தில்தான்: loginctl seat-status seat0). கம்ப்யூட்டரில் இருக்கும் எல்லாச் சாதனங்களும் மரம் போல விரியும், இப்போதைக்கு எல்லாமே சீட்0-வுக்குச் சொந்தம். அதில் இரண்டாவது கார்டு டிஆர்எம் கார்டு1 (drm:card1) என்ற மாதிரி ஒரு பெயரில், மாஸ்டர் (MASTER) என்ற குறியோடு இருக்கும். எண் மாறலாம், எது எந்தக் கார்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வரியில் சிஸ் (/sys) என்று தொடங்கும் நீளமான பாதையைக் காப்பி செய்து, சூடோ லாகின்சிடிஎல் அட்டாச் சீட்1 (sudo loginctl attach seat1) என்று எழுதி அதன் பின்னால் ஒட்டி என்டர் தட்டுங்கள். கார்டு1-க்கான ஃபிரேம்பஃபர் வரி தனியாக இருந்தால் அதற்கும் இதையே செய்யுங்கள், கார்டின் சவுண்டுக்கும் அப்படியே.

அப்புறம் ஹப். கீபோர்டையும் மவுஸையும் தனித்தனியாக அட்டாச் செய்ய வேண்டாம், ஹப்பையே அட்டாச் செய்யுங்கள். அதன் பிறகு அந்த ஹப்பில் எதைச் செருகினாலும் தானாக அந்த சீட்டுக்குப் போகும். கடைக்கு வருகிறவர் பென்டிரைவ் கொடுத்தால் தன் சீட்டின் ஹப்பில் செருகினால் பாஸ்வேர்டு கேட்காமல் திறக்கும், அடுத்த சீட்டின் டிரைவைத் திறக்கப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். ஒருவருடைய ஆதார் நகல் இன்னொருவர் திரையில் திறக்காமலிருக்க இது பெரிய உதவி. இந்த ஒதுக்கீடு எந்த யுஎஸ்பி ஓட்டை என்பதை வைத்துத்தான் நினைவில் இருக்கும், ஹப்பை வேறு ஓட்டையில் மாற்றினால் சீட்0-வுக்குத் திரும்பிவிடும். சிபியுவின் பின்புறம் டேப் ஒட்டி 1, 2 என்று எழுதி வையுங்கள்.

ரீஸ்டார்ட் செய்தால் எல்லா சீட்டின் திரையிலும் லாகின் வர வேண்டும். குழப்பமாகிவிட்டால் சூடோ லாகின்சிடிஎல் ஃபிளஷ்-டிவைசஸ் (sudo loginctl flush-devices) என்ற கட்டளை எல்லாவற்றையும் பழையபடி சீட்0-வுக்கே கொண்டு போய்விடும், பயமில்லாமல் மறுபடி ஆரம்பிக்கலாம்.

ஆளுக்கொரு கணக்கு உருவாக்குங்கள், அட்மின் உரிமை உங்களுக்கு மட்டும். அப்போது மற்றவர்கள் வேலை செய்யும்போது ஒரு பையன் மெனுவில் ஷட்டவுன் கொடுத்தாலும் பாஸ்வேர்டு கேட்கும். ஆனால் கேபினட்டின் பவர் பட்டன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும், அதனால் இடிசி ஃபோல்டரில் சிஸ்டம்டிக்குள் இருக்கும் லாகின்டி அமைப்புக் கோப்பில் (/etc/systemd/logind.conf) ஹேண்டில்பவர்கீ என்பதை இக்னோர் என்று (HandlePowerKey=ignore) மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு கணக்கிலும் பவர் மேனேஜரில் சஸ்பெண்டையும் அணையுங்கள், ஒரு சீட் சும்மா இருக்கிறதென்று மொத்த கம்ப்யூட்டரும் தூங்கிவிடக் கூடாது. தமிழ் டைப் செய்யத் தமிழ்99 கீபோர்டு முறை வேண்டுமா, ஃபோனெடிக் வேண்டுமா என்பது அவரவர் கணக்கில் அவரவர் விருப்பம்.

யுபிஎஸ் இல்லாமல் இதை ஓட்டாதீர்கள். மின்சாரம் போனால் மூன்று பேர் வேலையும் ஒன்றாகப் போகும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சலும் இந்தப் பக்கம்தான் வந்தது. மழைக்காலத்தில் கரண்டை நம்பி எதுவும் செய்ய முடியாத ஊர் நம்முடையது. சிபியுவோடு எல்லா மானிட்டரையும், ஹப்புக்குத் தனி அடாப்டர் இருந்தால் அதையும் யுபிஎஸ்ஸில் கொடுங்கள், வாரம் ஒருமுறை எல்லோருடைய ஹோம் ஃபோல்டரையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். கடற்காற்று உப்பு என்பதால் கேபினட்டை ஜன்னலோரம் வைக்காமல் உள்பக்கச் சுவர் ஓரமாக வைத்தால் கார்டின் ஃபேனும் ஸ்லாட்டும் கூடுதல் காலம் உழைக்கும்.