பெர்மிஷனை மாற்றியதால் லினக்ஸ் திறக்கவில்லையா?

ஒரு ஃபோல்டருக்கு மட்டும் 777 பெர்மிஷன் (யார் வேண்டுமானாலும் படிக்க, மாற்ற, இயக்க அனுமதி) கொடுக்க நினைத்து, தவறிப்போய் ரூட் (எல்லா ஃபோல்டர்களும் அடங்கிய மேல் ஃபோல்டர்) முழுவதற்கும் கொடுத்துவிட்டால், அடுத்த முறை கணினி பாதியிலேயே நின்றுவிடலாம். நிர்வாகி அதிகாரத்தில் கட்டளைகளை இயக்க உதவும் சுடோவும் வேலை செய்யாது. பதற வேண்டாம், கோப்புகள் எதுவும் அழியவில்லை. யார் எதைத் திறக்கலாம் என்ற விவரம்தான் குலைந்திருக்கிறது.

லைவ் யுஎஸ்பி (நிறுவாமலேயே லினக்ஸை இயக்கும் பென் டிரைவ்) வழியாக பூட் செய்து, உங்கள் டிஸ்க்கை மவுண்ட் செய்யுங்கள், அதாவது அதிலுள்ள கோப்புகளைத் திறக்கும்படி இணையுங்கள். வேறு எதையும் தொடும் முன் முக்கியமான கோப்புகளை வெளி டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம்தான் பழுதுபார்ப்பு. அதே பதிப்பின் லைவ் யுஎஸ்பி என்றால் அதுவே நல்ல மாதிரி. அதிலுள்ள பெர்மிஷன்களைப் பார்த்து உங்கள் டிஸ்க்கில் அப்படியே வையுங்கள். உபுண்டுவில் சுடோ புரோகிராமுக்கு 4755, சுடோவை யார் பயன்படுத்தலாம் என்று சொல்லும் சுடோயர்ஸ் கோப்புக்கு 440, கடவுச்சொல் விவரங்கள் உள்ள ஷேடோ கோப்புக்கு 640, தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் ஃபோல்டருக்கு 1777. உரிமையாளரும் மாறியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பிறகுதான் பெர்மிஷன். வரிசை மாறினால் சுடோவின் 4755-இல் உள்ள அந்த 4 (சுடோவை நிர்வாகி அதிகாரத்தில் இயங்க வைப்பது) போய்விடும். பலர் சறுக்கும் இடம் இது. ஃபெடோராவில், மென்பொருள்களை நிறுவ உதவும் ஆர்பிஎம் கட்டளையிலேயே உரிமையாளர், பெர்மிஷன் இரண்டையும் பழையபடி மீட்க வசதி உண்டு.

கடவுச்சொல் சரியாக இருந்தும் லாகின் திரையே திரும்பத் திரும்ப வந்தால், ஹோம் ஃபோல்டரின் (உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்) உரிமையாளர் ரூட் என்ற நிர்வாகி பயனராக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பழுதுபார்க்க உதவும் ரெக்கவரி மோடில் போய் அதை உங்கள் பெயருக்கு மாற்றினால் போதும்.

ரூட் ஃபோல்டர் முழுக்கக் குலைந்திருந்தால், ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துவதைவிட சிஸ்டத்தை மறுபடி நிறுவுவதே பாதுகாப்பு என்பேன்.