ரத்தம் தெறிக்கும் படம் பிடிக்கும், நிஜ ரத்தம் தாங்காது என்பவர்களுக்கு

நான் கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரன். 2004 சுனாமிக் காட்சிகளை டிவியில் போட்டால் இன்றும் எழுந்து வெளியே போய்விடுவேன். ஆனால் குடல் சரியும் பேய்ப்படம் என்றால் நடுராத்திரியானாலும் உட்கார்ந்து பார்ப்பேன். இதில் முரண் எதுவும் இல்லை. திரையில் யாருக்கும் வலிக்கவில்லை என்று மனசுக்குத் தெரியும்.

அதை இன்னும் உறுதியாக்கிக்கொள்ள, படம் எடுத்த விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1960-இல் வந்த ‘சைக்கோ’ என்ற ஹாலிவுட் படத்தின் குளியலறைக் கொலைக் காட்சியில் ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் அது நன்றாக எடுபட்டது. வீட்டிலேயே செய்து பாருங்கள்: கெட்டியான சர்க்கரைப் பாகு, சிவப்பு கேசரிப் பவுடர், ஒரு சிட்டிகை கோகோ. கோகோ சேர்ந்ததும் பளீர் சிவப்பு அடங்கி, உறையப்போகும் ரத்தத்தின் நிறம் வரும். ஆறியதும் கையில் தடவினால் மெதுவாக வழியும். (பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கறை போகாது.) அப்புறம் திரையில் விழும் ஒவ்வொரு வெட்டையும் மேக்கப் கலைஞரின் கைவேலையாக ரசிப்பீர்கள். சில நாள் படமும் ஒத்துக்கொள்ளாது, நிறுத்திவிடுங்கள்.

நிஜம் அப்படியல்ல. புதுச்சேரி ரோட்டில் விபத்து என்றால் உடனே வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ வந்துவிடுகிறது. அதில் கிடப்பவரின் அம்மாவும் அதைப் பார்க்கக்கூடும். செட்டிங்ஸில் மீடியா ஆட்டோ டவுன்லோடை நிறுத்துங்கள். வந்ததைத் திறக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். அட்மினிடம் “அண்ணே, இத எடுத்துடுங்க” என்று கேளுங்கள். நேரில் விபத்தைப் பார்த்தால் போனை எடுத்து 108-ஐ அழையுங்கள், கேமராவைத் திறக்காதீர்கள்.