பிஎஸ்எல்இ ஆங்கிலம்: தமிழ் பேசும் வீட்டில் பிள்ளையை எப்படித் தயார்படுத்துவது

தொடக்கநிலை 6 முடிவில் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வரும். பிள்ளை தொடக்கநிலை 5க்குப் போனதும் சிங்கப்பூரில் நம் வீடுகளில் முதலில் நின்றுபோவது தமிழ்தான். "இனிமே வீட்ல இங்கிலீஷ்ல மட்டும்தான் பேசணும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமே துணைப்பாட வகுப்பில் சேர்த்துவிடுகிறோம். என் மூத்த மகளுக்கு நானும் அதையேதான் செய்தேன். இரண்டே மாதத்தில், பள்ளிவிட்டு வந்ததும் மூச்சுவிடாமல் கதை சொல்கிற பிள்ளை "ஓகே", "ஃபைன்" என்று இரண்டு சொல்லோடு அறைக்குள் போய்விட ஆரம்பித்தாள். அப்புறம்தான் சட்டத்தைத் தூக்கிப்போட்டேன். அவள் 2025இல் தேர்வு எழுதி முடித்தாள், இப்போது சின்னவன் முறை. இவனுக்கு முதல் நாளிலிருந்து என்ன செய்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மதிப்பெண் கணக்கு. ஆங்கிலத்துக்கு மொத்தம் 200. கட்டுரைத் தாள் 50, இலக்கணமும் கருத்தறிதலும் வரும் இரண்டாம் தாள் 90, கேட்டல் 20, வாய்மொழி 40. வாய்மொழிக்கு முன்பு 30தான், 2025 முதல் 40 ஆக்கிவிட்டார்கள். அதாவது 60 மதிப்பெண் காதுக்கும் வாய்க்கும். ஏஎல் 1 என்ற மிக உயர்ந்த தரம் வாங்க நூற்றுக்குத் தொண்ணூறு வேண்டும், 200இல் இருபதுக்கு மேல் விடக்கூடாது. அப்படியிருக்க நம் பணமும் சனிக்கிழமைகளும் பெரும்பாலும் இரண்டாம் தாளுக்கே போகின்றன.

வாய்மொழியில் வாசிப்புக்கு 15, ஒரு புகைப்படத்தைக் காட்டிப் பேசச்சொல்லும் உரையாடலுக்கு 25. உரையாடலில் பிள்ளைகள் தடுமாறுவதற்கு ஆங்கிலம் தெரியாததுதான் காரணம் என்று நாம் நினைக்கிறோம். சொல்வதற்கு விஷயம் இல்லாததுதான் உண்மையான காரணம். மகளிடம் ஒருநாள் மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தைப் படத்தைக் காட்டி, இங்கே போக உனக்குப் பிடிக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "எஸ், ஐ லைக். இட் இஸ் ஃபன்." அவ்வளவுதான், நின்றுவிட்டாள். இரவு சாப்பிடும்போது அதையே தமிழில் கேட்டேன். "தேக்காவுல மீன் கடைப் பக்கம் தரையெல்லாம் ஈரம்மா, செருப்பு வழுக்கும், எனக்குப் பிடிக்காது. ஆனா அந்த நண்டு விக்கிற தாத்தா கொடுக்கைத் தூக்கிக் காட்டுவாரே, அதுக்காக வருவேன். பாட்டி மட்டும் அவர்கிட்ட விலையைக் குறைக்கச் சொல்லிக்கிட்டே நிப்பாங்க" என்றாள். பாருங்கள், கருத்து இருக்கிறது, காரணம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், சம்பவமும் இருக்கிறது. தேர்வாளர் எதிர்பார்ப்பது இதைத்தான். "சரி, இப்போ இதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்லு" என்றதும் தட்டுத்தடுமாறி ஏழு வாக்கியம் சொன்னாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு முறை இதுதான். தினம் ஒரு படம், கைப்பேசியில் நாமே எடுத்தது போதும்: புளோக்கின் கீழ்த்தளத்தில் செஸ் ஆடும் பெரியவர்கள், உணவங்காடியில் தட்டைத் திருப்பி வைக்கும் இடம், எம்ஆர்டி ரயிலில் யாரோ எழுந்து இடம் கொடுப்பது. முதலில் தமிழில் பேசவிடுங்கள், குறுக்கே போகாதீர்கள், "ஏன்?", "உனக்கு அப்படி எப்பவாவது நடந்திருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு ஆங்கிலத்தில். பேசும்போது இலக்கணப் பிழையைத் திருத்தவே திருத்தாதீர்கள், முடித்தபின் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். தமிழ் வாய்மொழித் தேர்விலும் வாசிப்பும் காணொளி பற்றிய உரையாடலும் இருப்பதால் இந்தப் பத்து நிமிடம் இரண்டு பாடத்துக்கும் உதவும்.

வாசிப்பில் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது சொல்லின் கடைசி ஒலி. வீட்டில் நாம் "டெஸ்ட்டு" என்று ஒரு உகரம் சேர்ப்போம், பள்ளியில் நண்பர்கள் "டெஸ்" என்று வாலை வெட்டுவார்கள், பிள்ளை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்து, பிள்ளையையே கேட்கவிடுங்கள், நாம் பத்துத் தரம் சொல்வதைவிட அது நன்றாகப் பதியும். புதிய முறையில் பத்திக்கு மேலே, யாருக்காக, எந்தச் சூழலில் படிக்கிறாய் என்று ஒரு குறிப்பு இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் கதை படிப்பதும் பள்ளிக்கூட்டத்தில் அறிவிப்பு படிப்பதும் ஒரே குரலில் இருக்கக்கூடாது.

கேட்டலுக்குத் தனியாகப் பெரிய பயிற்சி வேண்டாம். ஒவ்வொரு பகுதியும் இரண்டு தடவை ஒலிக்கும், முதல் தடவைக்கு முன்பே கேள்விகளைப் படித்துவிடும் பழக்கம் வந்தால் போதும்.

இரண்டாம் தாளில் நான் அதிகம் உட்கார்ந்தது இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்கும் பகுதியில். மகள் எப்போதும் "டிஸ்பைட் ஹி வாஸ் சிக்" என்று எழுதி மதிப்பெண்ணைப் பறிகொடுப்பாள். "டிஸ்பைட்" வந்தால் பெயர்ச்சொல்லோ "பீயிங்" போன்ற வடிவமோதான் வரவேண்டும், "ஆல்தோ" வந்தால் முழு வாக்கியம் வரவேண்டும் என்று அவள் ஆசிரியர் பலமுறை சொல்லியும் ஏறவில்லை. கடைசியில் தமிழ்தான் கைகொடுத்தது. "அவனுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் பள்ளிக்குப் போனான்" என்பதில் "என்றாலும்" என்ற சொல்லை எடுத்துவிடு, முன்னால் இருப்பது தனி வாக்கியமாக நிற்கிறதா? நிற்கிறது, அதுதான் "ஆல்தோ". "உடம்பு சரியில்லாமல் இருந்தும்" என்பது தனியாக நிற்குமா? நிற்காது, அதுதான் "டிஸ்பைட் பீயிங் சிக்". அன்றைக்குப் பிறகு அதில் அவள் தவறவே இல்லை. தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இப்படி ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது மொழி ஒன்று கையில் இருக்கிறது, அதை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள்.

கோடிட்ட இடம் நிரப்பும் கருத்தறிதல் 15 மதிப்பெண். முழுப் பத்தியையும் ஒருமுறை படிக்காமல் பேனாவை எடுக்கக்கூடாது என்ற ஒரு விதியை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றது வாசிப்புப் பழக்கத்தால்தான் வரும், வட்டார நூலகத்துக்கு வாரம் ஒருமுறை போய், பிள்ளை எடுக்கும் புத்தகத்தை, அது படக்கதையாகவே இருந்தாலும், தடுக்காமல் கொண்டுவாருங்கள்.

கட்டுரையில் ஒரு எச்சரிக்கை. நாங்கள் போன ஒரு துணைப்பாட நிலையத்தில் "அழகிய சொற்றொடர்" பட்டியல் ஒன்றைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். மகளின் எல்லாக் கட்டுரையிலும் நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக வழிந்தது, கேக் வெட்டும் கதையில்கூட. பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, தேர்வில் கொடுக்கும் மூன்று படங்களில் எதைப் பார்த்ததும் உண்மையில் நடந்த ஏதாவது ஞாபகம் வருகிறதோ அதை எடுக்கச் சொன்னேன். ஒரு படத்தையாவது பயன்படுத்தினால் போதும், குறைந்தது 150 சொல். கடிதம், மின்னஞ்சல் மாதிரி வரும் 14 மதிப்பெண் பகுதியில், கொடுத்த குறிப்புகளை எழுதி முடித்ததும் ஒவ்வொன்றாக டிக் போடச் சொல்லுங்கள், ஒன்று விட்டுப்போனாலும் நேராக மதிப்பெண் போகும்.

பழைய தேர்வுத் தாள்களைக் கட்டுக்கட்டாக வாங்குவதற்கு முன் ஆண்டைப் பாருங்கள், 2025க்கு முந்தையதில் வாய்மொழிப் பகுதி பழைய அமைப்பில் இருக்கும். புதிய அமைப்பின் மாதிரித் தாள் தேர்வு மதிப்பீட்டுக் கழகத்தின் இணையத்தளத்திலேயே இருக்கிறது. வாய்மொழி ஆகஸ்டில், கேட்டல் செப்டம்பரில், எழுத்துத் தாள் அதற்குப் பின். அதனால் ஜூன் விடுமுறையை அந்தத் தினசரிப் படத்துக்கும் பேச்சுக்கும் வைத்துக்கொண்டு, எழுதும் பயிற்சியை ஆகஸ்ட் கடைசியில் கூட்டுங்கள். வாய்மொழிக்கு முந்தின நாள் எதையும் படிக்கச் சொல்லாதீர்கள். மகளும் நானும் அன்று மாலை தேக்காவுக்குப் போய் நண்டு வாங்கி வந்தோம், வழியெல்லாம் தமிழில்தான் பேசினோம்.