நாயின் உடலில் கட்டி: தடவிப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

"மெத்தென்று உருளுது, வெறும் கொழுப்புக் கட்டிதான்" என்று விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கொழுப்புக் கட்டி தோலுக்கடியில் மெத்தென்று நகரும் என்பது சரியே. ஆனால் மாஸ்ட் செல் (ஒவ்வாமையில் பங்கு வகிக்கும் நோயெதிர்ப்புச் செல்) புற்றுக்கட்டியும் சில நாய்களில் அச்சு அசலாக அப்படியே இருக்கும். எவ்வளவு அனுபவப்பட்ட விரலாலும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதற்குத்தான் ஊசிப் பரிசோதனை: மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, அதில் ஏறும் செல்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டாம். கட்டி 1 செ.மீ. ஆகிவிட்டாலோ, ஒரு மாதமாகியும் மறையாவிட்டாலோ இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

கட்டி தானாக வற்றியது என்று நிம்மதி அடைவதும் ஆபத்து. மாஸ்ட் செல்கள் வீக்கத்தை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியிடும்போது கட்டி வீங்கும், பிறகு வடியும். அதை அழுத்தி, பிதுக்கிப் பார்த்தால் சுற்றிலும் சிவந்து தடிக்கும். சில நாய்கள் வாந்தியும் எடுக்கும்.

தாடைக்கடியிலும் தோளுக்கு முன்னும் பின்னங்கால் முட்டிக்குப் பின்னும் நெறி கட்டியிருந்தால், காரணம் தெரியும் முன் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுக்கக் கூடாது. நிணநீர்ப் புற்றாக இருந்தால் நெறிகள் மளமளவென்று சுருங்கும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில வாரங்களில் அவை திரும்பி வரும்போது மாதிரி எடுத்தாலும் முடிவு குழம்பலாம். கீமோதெரபிக்கும் நோய் முன்போல் மசியாது.

அறுவை செய்து எடுத்த கட்டியைக் குப்பையில் போட்டுவிடுவது வீண். கட்டியைப்போல 10 மடங்கு அளவு 10% ஃபார்மலினில் (திசு அழுகாமல் காக்கும் திரவம்) போட்டு, திசு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். கட்டி எந்த வகை, எந்தத் தரம் என்பதோடு, வெட்டிய விளிம்பில் புற்றுச் செல்கள் மிச்சமிருக்கின்றனவா என்பதும் அப்போதுதான் தெரியும். விளிம்பு சுத்தமாக இல்லையென்றால், மறுபடி வளரும்வரை காத்திருக்காமல் அடுத்து என்ன செய்வது என்று மருத்துவரிடம் பேசிவிடலாம்.

பெண் நாய்க்குச் சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்தால் பருவம்தான் என்று எண்ணிவிடுகிறார்கள். வாரக்கணக்கில் நிற்காவிட்டால் பிறப்புறுப்பின் உட்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காலிஃபிளவர்போல ஒரு கட்டி இருக்கக்கூடும். இணைசேரும்போது தொற்றும் இந்தப் புற்று, வாரம் ஒருமுறை போடும் வின்கிரிஸ்டின் என்ற கீமோதெரபி மருந்துக்குப் பெரும்பாலும் கரைந்துவிடும்.

பெரிய இன நாய் நொண்டினால் சுளுக்கென்று எண்ணி, மனிதர்களுக்கான இபுபுரோஃபென் கொடுக்காதீர்கள். வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஓய்வு கொடுத்தும் 2 வாரத்தில் சரியாகாத நொண்டலுக்கு எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். எலும்புப் புற்று பெரும்பாலும் நொண்டலாகத்தான் தொடங்கும். வீக்கம் பிறகுதான் தெரியும்.