பிரிந்த பிறகு சேர்ந்து வாங்கிய வீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேர்ந்து வாழ்ந்தவர்கள் பிரிந்துவிட்டால் வீட்டுக் கடனும் ஆளுக்குப் பாதியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. இருவரும் கையெழுத்துப் போட்ட கடன் என்றால் பொதுவாக முழுத் தொகைக்கும் இருவருமே பொறுப்பு. "என் பாதியைக் கட்டிவிட்டேனே" என்ற பதில் வங்கியிடம் செல்லாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பத்திரத்தில் இருந்து பெயரை எடுத்துவிட்டுக் கடனில் அப்படியே விட்டுவிடுவது. வீட்டின் மீது உரிமை போய்விடும், கடன் மட்டும் நிற்கும். வீட்டில் இருப்பவர் தவணை தவறினால் உங்கள் கிரெடிட் ஸ்கோரும் சேர்ந்து இறங்கும். நாளை நீங்கள் வேறு வீட்டுக்குக் கடன் கேட்டால் இந்தப் பழைய கடனும் உங்கள் கணக்கில் வரும். "இனி அவரே கட்டட்டும்" என்று நீதிமன்றம் சொன்னாலும், பொதுவாக அது உங்கள் இருவருக்கும் இடையிலான ஏற்பாடுதான். வங்கியின் உரிமை அப்படியே இருக்கும். வங்கி உங்களை எழுத்தில் விடுவிக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டை வைத்துக்கொள்பவர் தன் பெயரில் புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைக்க வேண்டும். இரண்டுக்குமே அவருடைய தனி வருமானம் போதுமா என்று வங்கி பார்க்கும். அதனால் யாருக்கு வீடு என்று பேசி முடிக்கும் முன்பே வங்கியிடம் கேட்டுவிடுங்கள். பெயர் மாற்றக் கையெழுத்தும் கடன் விடுவிப்பும் ஒரே சமயத்தில் நடக்கட்டும்.

சரி, அதுவரை? தவணையை நிறுத்தாதீர்கள். வெளியேறியவருக்கு வாடகையும் கட்டி இதையும் கட்டுவது பெரும் பாரம், அந்தக் கோபம் நியாயமானதே. ஆனாலும் தவறிய தவணை இருவரையும் அடிக்கும். யார் எவ்வளவு கட்டினார் என்பதற்கு ரசீது வைத்துக்கொள்ளுங்கள், கணக்குத் தீர்க்கும்போது உதவும்.

பங்கு கணக்கிலும் தடுமாறுகிறார்கள். வீட்டின் மதிப்பு 100, கடன் பாக்கி 70 என்றால் பிரிக்க இருப்பது 30 மட்டுமே. சமபங்கு என்றால் ஆளுக்கு 15. விற்பதாக இருந்தால் விற்பனைச் செலவு, வரி, கடனை முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணம் ஆகியவற்றையும் அதில் கழித்துப் பாருங்கள். மதிப்பை வாங்கிய விலையிலிருந்தோ அக்கம்பக்கத்தார் சொல்வதிலிருந்தோ எடுக்காமல், இருவரும் ஒப்புக்கொண்ட மதிப்பீட்டாளரிடம் கேளுங்கள்.

திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு விவாகரத்துச் சட்டத்தின் சொத்துப் பிரிப்பு பல நாடுகளில் பொருந்தாது. முன்பணம் யார் போட்டார், பத்திரத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற ஆவணங்களே அப்போது பேசும்.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று. சில வகைக் கூட்டு உரிமையில் ஒருவர் இறந்தால் அவர் பங்கு உயில் எதுவும் பாராமல் மற்றவருக்கே போய்விடும். பிரிவுக் கணக்கு முடிய மாதங்கள் ஆகலாம் என்பதால், உங்கள் பத்திரம் எந்த வகை என்று ஒரு வழக்கறிஞரிடம் இப்போதே காட்டுங்கள். காப்பீட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.