குட்டிப் பசங்களுக்கு வேற வேற ஊர் பாட்டை வீட்லயே பழக்குறது எப்படி

வீட்ல அஞ்சாறு வயசுக்குள்ள பசங்க இருந்தா, நம்ம பாட்டோட சேர்த்து வேற நாட்டு பாட்டும் அவங்க காதுல விழணும்னு நெறைய பேருக்கு ஆசை இருக்கு. ஆனா யூட்யூப்ல தேடி முதல்ல வர்ற பிளேலிஸ்ட்டை போட்டுட்டு நம்ம வேலைய பாக்கப் போயிடறோம், அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும், பத்து நாட்டு பாட்டு போயிருக்கும், குழந்தைக்கு ஒன்னும் நின்னுருக்காது. நான் சொல்றது ரொம்ப சிம்பிள்: ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு ஊர், ஒரே ஒரு பாட்டு, அதையே ரெண்டு மூனு வாரம் திரும்பத் திரும்ப, நீங்களும் கூட உக்காந்து.

"இவ்ளோ சின்னப் புள்ளைக்கு என்ன புரியும்"னு வீட்ல பெரியவங்க கேப்பாங்க. உண்மையில நம்மளவிட அவங்களுக்குத்தான் சுலபமா புடிபடும். எரின் ஹானன், சாண்ட்ரா ட்ரீஹப்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2005ல இத சோதிச்சு பாத்தாங்க. பல்கேரியா மாதிரி தென்கிழக்கு ஐரோப்பாவுல இருக்குற பால்கன் நாடுகளோட தாளத்த நடுவுல கொஞ்சம் கலைச்சு வாசிச்சா வட அமெரிக்காவுல வளர்ற ஆறு மாசக் குழந்தைங்க கவனிச்சுட்டாங்க, அங்கயே வளர்ந்த பெரியவங்களுக்கு வித்தியாசமே தெரியல. ஒரு வயசு ஆகும்போது குழந்தைங்களுக்கும் அது மங்கிடுது, ஆனா வீட்ல ரெண்டு வாரம் அந்த இசைய கேக்க வச்சதும் திரும்பி வந்துடுச்சு, பெரியவங்களுக்கு அதே ரெண்டு வாரம் பெருசா உதவல. அதனால "ஸ்கூல் சேரட்டும், அப்பறம் பாக்கலாம்"னு தள்ளிப் போடாதீங்க.

ஆரம்பிக்க நான் சொல்றது பல்கேரியாவோட ரச்செனிட்சா. அது ஏழு எண்ணிக்கை வர்ற ஆட்டம், நம்ம கர்நாடக சங்கீதத்துல வர்ற மிஸ்ர சாபு தாளமும் ஏழுதான், ஆனா வெட்டுற இடம் வேற. நம்மளது தகிட தகதிமி, அவங்களது தக தக தகிட. குழந்தைய மடியில உக்கார வச்சு, அவன் கைய புடிச்சு தொடையில தட்டிக்கிட்டே மெதுவா "தக தக தகிட, தக தக தகிட"ன்னு சொல்லுங்க, ஒவ்வொரு துண்டோட முதல் எழுத்துல மட்டும் தட்டு விழணும், அதாவது சின்னது, சின்னது, கொஞ்சம் நீளம். ரெண்டு மூனு நாள் பாட்டே போடாம இத மட்டும் பண்ணுங்க. அப்பறம் பாட்ட போட்டா நல்லா வேகமா வரும், முதல்ல நம்ம தட்டு தடுமாறும், பரவால்ல, குழந்தை உடம்பாலயே குதிச்சு புடிச்சுக்கும். அந்த ஆட்டத்துல கையில கைக்குட்டை வச்சு வீசுவாங்க, அதனால ஒன்னு குடுத்து ஆட விடுங்க.

அடுத்து ஜிம்பாப்வேல ஷோனா மக்கள் வாசிக்கிற ம்பிரா. மரப்பலகையில இரும்புத் தகடுங்க வரிசையா இருக்கும், கட்டைவிரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் மீட்டணும், சத்தம் பெருசா கேக்க பெரிய சுரைக்குடுவைக்குள்ள வச்சுப்பாங்க. கேக்கும்போது கூடவே ஒரு கரகரப்பு வரும், ஸ்பீக்கர் கெட்டுப்போச்சோன்னு தோணும். அது வேணும்னே வச்சது, சோடா மூடி இல்லன்னா சிப்பிய கோத்து அதிர விடுவாங்க. இத குழந்தைக்கு காட்டணும்னா காலி பிஸ்கட் டின்ன கவுத்துப் போட்டு மேல நாலு சோடா மூடிய வச்சு ஓரத்துல தட்டுங்க, முதல்ல மூடி இல்லாம, அப்பறம் மூடியோட. காத கிட்ட வச்சு கேக்க சொல்லுங்க. மூனு வயசுக்குள்ள இருந்தா மூடி வாய்க்குள்ள போயிடும், நீங்களே தட்டிக் காட்டிட்டு எடுத்து வச்சுடுங்க.

ஒவ்வொரு பாட்டுக்கும் யாரு வாசிக்கிறாங்க, எப்ப வாசிக்கிறாங்கன்னு ஒரு வரியாவது சொல்லுங்க. ம்பிராவ அவங்க முன்னோர்கள கூப்பிடுற சடங்குல வாசிப்பாங்க. இந்தோனேசியாவுல கேமலான்னு வெண்கல வாத்தியங்கள நெறைய பேர் சேர்ந்து வாசிப்பாங்க, அந்த வாத்தியத்த யாரும் தாண்ட மாட்டாங்க, சுத்தித்தான் போவாங்க. புக்குல கால் பட்டா தொட்டுக் கும்பிடுற நம்ம பசங்களுக்கு இத விளக்கவே வேணாம். சும்மா வேடிக்கை சத்தம்னு காட்டாம இப்படி சொன்னாத்தான் அந்த மனுஷங்க மேல மரியாதை வரும்.

ஃபோன் ஸ்க்ரீன கவுத்து வச்சுடுங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னபடி ரெண்டு வயசுக்குள்ள ஸ்க்ரீனே வேணாம், ரெண்டுலருந்து நாலு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்த தாண்டக் கூடாது. ஸ்பீக்கர்ல போடுங்க, நீங்க சாதாரணமா பேசுறது அதுக்கு மேல கேக்கணும், அவ்ளோதான் சத்தம். ஹெட்ஃபோன் வேணாம்.

இதெல்லாத்தையும் விட எனக்கு ரொம்பப் புடிச்சது பக்கத்து வீடு. உங்க அப்பார்ட்மென்ட்ல பெங்காலி குடும்பமோ மலையாளி பாட்டியோ ராஜஸ்தான்காரங்களோ இருந்தா, குழந்தைய கூட்டிட்டுப் போய் "ஆன்ட்டி, உங்க ஊர்ல குழந்தைய தூங்க வைக்க என்ன பாடுவீங்க"ன்னு கேளுங்க. வெக்கப்படுவாங்க, அப்பறம் பாடுவாங்க. அவங்ககிட்ட கேட்டுட்டு ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க, பதிலுக்கு நீங்க ஒரு தாலாட்டு பாடுங்க. முகம் தெரிஞ்சவங்க குரல்னா குழந்தை மறக்கவே மறக்காது.

சில பாட்டு புடிக்காது, காத பொத்திக்கும், அழும். உடனே நிறுத்திடுங்க, கட்டாயப்படுத்த வேணாம். ஒரு வாரம் விட்டு, குளிக்க வைக்கும்போதோ சாப்பாடு ஊட்டும்போதோ சத்தம் கம்மியா வச்சு போட்டுப் பாருங்க, அப்பவும் வேணாம்னா அந்த ஊர்லயே வேற பாட்டுக்குப் போயிடுங்க.