முதுகுத்தண்டு லிம்போமா: ஊசிக்கு வலி குறைந்ததும் நிம்மதி அடைய வேண்டாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் முதுகுவலி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 20 கிலோவைத் தாண்டும் செம்பனைக் குலைகளை நாள் முழுவதும் தூக்கி ஏற்றுபவருக்கும், விடியுமுன் குனிந்து நிமிர்ந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியே வயதானவருக்கும் வலிப்பது இயல்புதான் என்று வீட்டாரும் நினைக்கிறார்கள். சில நேரம் கிளினிக்கிலும் அப்படியே நினைக்கிறார்கள். இந்த வலிகளுக்கு நடுவே எப்போதாவது ஒருவருக்கு வருவதுதான் முதுகுத்தண்டு லிம்போமா. நிணநீர்ச் செல்களின் புற்றுநோயான இது, கழுத்திலோ அக்குளிலோ கட்டியாகத் தெரியாமல், தண்டுவட உறைக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளியில் முதலில் தலைகாட்டுவதுண்டு. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், வெறும் வலியாகவே இருந்துவிட்டு, தண்டுவடம் நசுங்கத் தொடங்கியதும் சில நாள்களுக்குள் கால்களைத் தளர்த்திவிடும்.

முதல் தவறு, வலிக்கும் இடத்தைச் சொல்வதிலேயே நேர்கிறது. டாக்டரிடம் மலாயில் பேசும்போது நம்மவர்கள் எந்த முதுகுவலியையும் ‘சாக்கிட் பிங்காங்’ என்றே சொல்லிவிடுகிறார்கள். பிங்காங் என்பது இடுப்பு. இந்த லிம்போமாவோ பெரும்பாலும் நெஞ்சு மட்டத்து முதுகெலும்புகளின் பக்கமே வருகிறது. அங்கே பெல்ட் போட்டு இறுக்கியது போல வலி முன்பக்கம் சுற்றி வருவதும் உண்டு. ஆகவே கையை வைத்துக் காட்டுங்கள். படுத்தால் கூடுகிறதா, இரவில் எழுப்புகிறதா, கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் வரத் தாமதமாகிறதா என்பதையெல்லாம் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கால் தளர்வும் சிறுநீர் அடைப்பும் வந்துவிட்டால், அடுத்த முறை போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விடாமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று திருப்தி அடைவது அடுத்த தவறு. எலும்பு கணிசமாகக் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும். லிம்போமாவோ எலும்பைப் பெரிதாக உடைக்காமலேயே அதன் நுண்துளைகள் வழியாகப் பரவக்கூடியது. எம்.ஆர்.ஐ.தான் தேவை, அதுவும் வலிக்கும் இடத்தை மட்டுமன்றி முதுகுத்தண்டு முழுவதையும் எடுக்க வேண்டும்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய தவறுக்கு வருகிறேன். குலை அறுக்கும் வேலையிலிருந்த என் மாமாவுக்குத் தோள்பட்டைகளுக்கு நடுவே வலி வந்தபோது, ஒரு தனியார் கிளினிக்கில் ஊசி போட்டார்கள். மறுநாளே எழுந்து நடமாடினார். இரண்டு வாரத்தில் வலி திரும்பியது, மறுபடியும் ஊசி. இடையில் சந்தையில் வாங்கிய ஒரு ஜாமு (நாட்டு மூலிகை மருந்து) பாட்டிலும் வீட்டுக்கு வந்தது. “மருந்துக்குக் கேக்குதே அத்தை, அப்புறம் எதுக்கு ஈப்போ வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போகணும்?” என்று அன்று சொன்னவன் நான்தான். ஊசியில் இருந்தது டெக்சாமெத்தசோன் என்பதைப் பின்னால்தான் அறிந்தோம்.

டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் லிம்போமா செல்களை நேரடியாகவே கொல்லக்கூடியவை. அதனால் கட்டி சுருங்கும், வலி பறந்துபோகும். ஆனால் தனியாகக் கொடுத்த ஸ்டீராய்டின் பலன் நிலைப்பதில்லை. அந்த இடைவெளியில் பயாப்சி (சோதனைக்கான திசுத்துண்டு) எடுத்தால் செத்த திசுவும் அழற்சிச் செல்களுமே கிடைத்து, ‘புற்றுநோய் இல்லை’ என்ற பொய்யான ஆறுதல் கைக்கு வருகிறது. மாமாவின் முதல் பயாப்சி அப்படித்தான் வந்தது. பதிவு செய்யப்படாத ஜாமு, மாஜூன் வகைகளில் டெக்சாமெத்தசோன் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. பாட்டிலில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண் உண்டா என்று பாருங்கள். எப்படியிருந்தாலும் பாட்டிலையே பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள், நீண்ட நாள் குடித்திருந்தால் தானாகத் திடீரென்று நிறுத்திவிடவும் வேண்டாம். இதற்கு நேர்மாறான தவறும் இருக்கிறது: தண்டுவடம் நசுங்கிக் கால் விழுந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு, பயாப்சி கெட்டுவிடுமே என்று ஸ்டீராய்டைத் தள்ளிப்போடுவது. அங்கே காலைக் காப்பதே முதல் வேலை. பயாப்சியைத்தான் விரைவுபடுத்த வேண்டும்.

நம் நாட்டில் காசநோய் இன்னும் இருப்பதால், முதுகெலும்பில் நிழல் தெரிந்தால் காசநோய் என்று நினைப்பதில் தவறில்லை. திசுவை எடுத்துப் பார்க்காமல் மாதக்கணக்கில் காசநோய் மருந்தைக் கொடுத்துக் காத்திருப்பதுதான் தவறு. காசநோய் பெரும்பாலும் எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டையும் சேர்த்து அரிக்கும். லிம்போமாவில் வட்டு பெரும்பாலும் தப்பிவிடும். இது குறிப்புதான், தீர்ப்பு திசுவிடமே இருக்கிறது. மெல்லிய ஊசியில் உறிஞ்சிய சில செல்கள் பொதுவாகப் போதாது. தடித்த ஊசியாலோ அறுவையாலோ திசுத்துண்டு வேண்டும். அதையும் முழுவதுமாக, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது என்பதால், ஒரு பகுதியைப் பச்சையாகவே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் போன பகுதியில் செல்களில் உள்ள சிடி20 போன்ற புரதக் குறிகளைச் சாயமிட்டுப் பார்த்தே வகையை உறுதி செய்கிறார்கள்; மிகுதியாகக் காணப்படுவது, பி-செல் என்ற நிணநீர்ச் செல் வகையில் தோன்றும் ‘பரவலான பெரிய பி-செல் லிம்போமா’.

கட்டியை முழுவதும் வெட்டி எடுத்தால்தான் குணம் என்று பல குடும்பங்கள் அறுவைக்கு நெருக்குகின்றன. மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் நன்றாகக் கரையும் புற்று இது. தண்டுவடம் வேகமாக நசுங்கும்போதோ, எலும்பு நிலைகுலைந்திருக்கும்போதோ அறுவை தேவைப்படலாம்; மற்ற நேரங்களில் பெரிய அறுவைக்காயம் ஆறும் வரை கீமோதெரபி தாமதமாவதுதான் மிச்சம்.

பி-செல் வகைக்கு வழக்கமான சிகிச்சை ஆர்-சாப் என்ற மருந்துக் கூட்டு, பொதுவாக 21 நாளுக்கு ஒருமுறை, 6 சுற்றுகள் வரை. அதிலுள்ள ரிட்டுக்சிமேப், உடலில் உறங்கும் ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியை எழுப்பிக் கல்லீரலைத் தாக்கக்கூடும். மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி தொடங்கியது 1989இல். அதற்கு முன் பிறந்த நம் பெற்றோர் தலைமுறைக்கு இந்த ரத்தப் பரிசோதனை விடுபடவே கூடாது. தண்டுவடத்துக்கு உள்ளேயே தோன்றும் லிம்போமா இன்னும் அரிது. ஆர்-சாப் மருந்துகள் அங்கே சரியாக எட்டாததால், உயர் அளவில் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தே அடிப்படையாகிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்து வைத்தியம் பார்க்கக் கூடாது. ஆர்-சாப் கூட்டிலுள்ள வின்கிறிஸ்டின் என்ற மருந்து தவறியும் தண்டுவட நீருக்குள் போய்விடக் கூடாது, போனால் பெரும்பாலும் உயிரே போய்விடும்; அந்த விபத்தைத் தவிர்க்கவே அதை ஊசிக்குழலில் அன்றி, சிறு சொட்டுமருந்துப் பையில் நரம்பு வழியாகக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

முதல் சுற்றிலேயே வலி நின்றுபோவதால், மீதியை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மாமாவுக்கு நேர்ந்தது வேறு. இரண்டாவது பயாப்சியில் நோய் தெரிந்து சிகிச்சை தொடங்கிய பின், மூன்றாவது சுற்று முடிந்திருந்த ஒரு காலையில், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல்கள் மரத்துப்போய்த் தடுமாறியதை அத்தை கவனித்தார். நோய் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டு, ஒரு வாரமாக மாமா யாரிடமும் சொல்லாமல் முழுக்கைச் சட்டையை விட்டுப் பனியனையே போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அது வின்கிறிஸ்டினின் பக்கவிளைவு. சொன்ன பிறகு அந்த மருந்தின் அளவைக் குறைத்து, மற்ற மூன்று சுற்றுகளையும் முடித்தார்கள்.